நிழலெல்லாம் புற்றுநோய் அல்ல
நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் பூஞ்சைத் தொற்று: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புறநோயாளிப் பிரிவு நாளின் பிற்பகலில், முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் கையில் ஸ்கேன் உறையுடன் என் அறைக்குள் வந்தார். நோயாளி உடன் வரவில்லை. அவருடைய தந்தை டெல்டாப் பகுதியைச் சேர்ந்த விவசாயி. வலது நுரையீரலின் மேற்பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, கீமோதெரபியும் கதிர்வீச்சும் முடித்து ஒன்றரை ஆண்டு நலமாக இருந்தவர். இளைஞர் உட்காராமலேயே பேசினார்: "அப்பாவுக்குத் திரும்ப வந்துடுச்சு டாக்டர். அவருக்குத் தெரிய வேண்டாம்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம். கஷ்டம் தெரியாம இருக்க என்ன மருந்து குடுக்கலாம்னு கேட்கத்தான் வந்தேன்."

உறையிலிருந்த சி.டி. ஸ்கேன் படங்களை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தேன். கதிர்வீச்சு பாய்ந்த இடத்தில், தழும்பேறிய நுரையீரலுக்குள் தடித்த சுவருடன் ஒரு குழி இருந்தது. அந்தக் குழிக்குள் ஓர் உருண்டை. உருண்டைக்கு மேலே பிறை வடிவில் ஒரு காற்றுக் கீற்று. புற்றுநோய் திரும்பியிருக்கலாம் என்பதை அந்தப் படம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிறை வேறொன்றையும் சொல்லியது. "நாளையே அப்பாவை அழைத்து வாருங்கள்" என்றேன். அந்தக் குடும்பம் ஏறத்தாழ ஒரு மாதமாகத் துக்கம் காத்துக்கொண்டிருந்தது. அவர்கள் துக்கம் காத்த நோய் அவருக்கு இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. அவருக்கு இருந்தது நுரையீரலில் பூஞ்சைத் தொற்று.

இக்கட்டுரையின் நோக்கம் ஒன்றே. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் புதிதாக இருமலோ, சளியில் இரத்தமோ, ஸ்கேனில் நிழலோ தோன்றினால், புற்றுநோய் திரும்பிவிட்டதென்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். காரணம் வேறாக இருக்கலாம். அது மருந்துக்குக் கட்டுப்படக்கூடியதாகவும் இருக்கலாம். தேடினால்தான் கிடைக்கும்.

காற்றில் மிதக்கும் வித்துகள்

பூஞ்சை நமக்குப் புதிதன்று. மழைக்காலச் சுவரில் படரும் கறுப்புத் திட்டு, ஈரம் தட்டிய கொப்பரையில் பூக்கும் பச்சைப் பொடி, மக்கிய வைக்கோற்போரைப் பிரிக்கும்போது எழும் தூசி ஆகிய அனைத்திலும் பூஞ்சை இருக்கிறது. நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகளில் முதன்மையானது ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் இனம். 1729-இல் இத்தாலியப் பாதிரியாரும் தாவரவியலாளருமான மிக்கேலி, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியைப் போல அதன் தலை இருப்பதைக் கண்டு அந்தப் பெயரை வைத்தார்.

இதன் வித்து ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் 2 அல்லது 3 கூறு அளவே இருக்கும். மூக்கின் மயிரிழைகளையும் மூச்சுக்குழலின் சளிப் படலத்தையும் தாண்டி நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறைகளுக்குப் போய்ச் சேர இந்தச் சிறுமையே போதும். நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துகளைச் சுவாசிக்கிறோம். ஆயினும் நமக்கு நோய் வருவதில்லை. காற்றறைகளில் காவலிருக்கும் விழுங்கணுக்கள் வித்துகளை விழுங்கிச் செரிக்கின்றன. தப்பி முளைத்து இழையாக நீளும் சிலவற்றை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் சூழ்ந்து அழிக்கின்றன. இந்த இரு காவலும் சரியாக இருக்கும்வரை பூஞ்சைக்கு நுரையீரலில் இடமில்லை.

காவல் தளரும் நான்கு சூழல்கள்

நுரையீரல் புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும் இந்தக் காவலை நான்கு விதமாகத் தளர்த்தக்கூடும்.

முதலாவது, வெள்ளையணுக் குறைவு. கீமோதெரபி ஊசி போட்ட பின் பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை கீழ்மட்டத்தைத் தொடும். நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்துகளில் இந்தத் தாழ்வு பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். அதனால் இரத்தப் புற்றுநோயாளிகளிடம் காணப்படும் அளவுக்கு இவர்களிடம் தீவிரப் பூஞ்சைத் தொற்று காணப்படுவதில்லை. ஆனாலும் அது வராது என்று சொல்வதற்கில்லை.

இரண்டாவது, ஸ்டீராய்டு. என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாத வாயில் இதுதான். கதிர்வீச்சினாலோ நோயெதிர்ப்புச் சிகிச்சையினாலோ நுரையீரல் அழற்சி ஏற்பட்டால், அதைத் தணிக்க வாரக்கணக்கில் ஸ்டீராய்டு தேவைப்படும். புற்றுநோய் மூளைக்குப் பரவி வீக்கம் ஏற்பட்டாலும் டெக்ஸாமெத்தசோன் கொடுக்கிறோம். இவை உயிர் காக்கும் மருந்துகள். இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவை விழுங்கணுக்களின் வேகத்தைக் குறைக்கின்றன. நாளொன்றுக்கு 4 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்பது 25 மி.கி. பிரெட்னிசோலோனுக்கும் சற்று அதிகம். மாத்திரை சிறியதாக இருப்பதால் அளவும் சிறியதென்று எண்ணிவிடுகிறோம்.

மூன்றாவது, நுரையீரலின் அமைப்பே மாறிப்போவது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் எஞ்சும் வெற்றிடமும் கதிர்வீச்சால் தழும்பேறி விரிந்த மூச்சுக்குழல்களும் முன்பு வந்து ஆறிய காசநோய் விட்டுச்சென்ற குழிகளும் இரத்த ஓட்டம் குறைந்த மூலைகள். அங்கே வித்து விழுந்தால் அகற்ற ஆளில்லை. புகைப்பழக்கத்தால் வந்த நாள்பட்ட மூச்சடைப்பு நோயும் சேர்ந்துகொண்டால் ஆபத்து மிகும்.

நான்காவது, உடலின் பொது வலு குன்றுவது. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், எடை இழப்பு, புரதக் குறைவு ஆகியவை இதில் அடங்கும். ஸ்டீராய்டு எடுப்போருக்குச் சர்க்கரை ஏறுவதால் இரண்டாவது வாயிலும் நான்காவது வாயிலும் சேர்ந்தே திறக்கின்றன.

ஒரே பெயர், பல நோய்கள்

"நுரையீரலில் பூஞ்சை" என்று மருத்துவர் சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். வகைக்கேற்பச் சிகிச்சையும் அவசரமும் மாறும்.

ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்று தீவிரமானது. பூஞ்சை இழைகள் இரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்துச் செல்லும். நாட்கணக்கில் நிலைமை மோசமாகும். காய்ச்சலும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இதன் அடையாளங்கள். வெள்ளையணு குறைந்தவர்களிடமும் அதிக ஸ்டீராய்டு எடுப்போரிடமும் இது காணப்படுகிறது. உடனே மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும்.

நாள்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்று மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. இருமல், சோர்வு, எடை குறைதல், சளியில் அவ்வப்போது இரத்தக் கீற்று ஆகியவை மூன்று மாதத்துக்கும் மேல் நீடிக்கும். நுரையீரலில் குழி தோன்றும். இருக்கும் குழி பெரிதாகும். டெல்டாப் பெரியவருக்கு வந்தது இதுவே. குழிக்குள் பூஞ்சை இழைகள் உருண்டு திரண்டு பந்துபோல் ஆவதும் உண்டு. நோயாளி மல்லாந்து படுத்தபோது ஒரு முறையும் குப்புறப் படுத்தபோது ஒரு முறையும் ஸ்கேன் எடுத்தால், அந்தப் பந்து குழிக்குள் இடம் மாறியிருப்பதைக் காணலாம். குழிச் சுவரில் வளரும் புற்றுக்கட்டி அவ்வாறு உருளுவதில்லை.

நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவும் ஒரு பூஞ்சையால் வருவதே. நீண்டகால ஸ்டீராய்டு எடுப்போருக்கு, சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும் வகையில் இது வெளிப்படும். நாளொன்றுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் நான்கு வாரம் அல்லது அதற்கு மேல் தேவைப்படும் புற்றுநோயாளிகளுக்கு, இதைத் தடுக்கக் கோட்ரிமாக்ஸசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். "இது வேறு எதற்கு" என்று அந்த மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

மியூகோர் வகைப் பூஞ்சையை 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது "கருப்புப் பூஞ்சை" என்ற பெயரில் நாடே அறிந்தது. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேரும் இடத்தில் இது நுரையீரலையும் தாக்கும். ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் இதற்கு வேலை செய்யாது. இன்ன பூஞ்சை என்று பெயர் தெரியும்வரை நாங்கள் பரிசோதனைகளை வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு குறிப்பு: சளிப் பரிசோதனை அறிக்கையில் "கேண்டிடா" என்று கண்டால் அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் வாயிலிருந்து சளியோடு கலந்து வருவது. நுரையீரலில் நோய் இருக்கிறது என்பதற்கு அது மட்டுமே சான்றாகாது.

ஏன் தாமதமாகிறது?

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். மகன் தனியாக வந்த அந்த நாளுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன், பெரியவர் வழக்கமான மறுபரிசோதனைக்கு வந்தபோதே "இருமல் விடமாட்டேங்குது" என்று சொல்லியிருந்தார். எக்ஸ்-ரேயில் மேற்பகுதி மங்கலாக இருந்தது. கதிர்வீச்சுத் தழும்பு என்று குறிப்பெழுதி அனுப்பினேன். தழும்பு இருந்ததும் உண்மை. இருமலுக்குக் காரணம் அது மட்டுமே என்று நான் முடிவு செய்ததுதான் பிழை. அதன்பின் ஊருக்கு அருகில் வேறோர் இடத்தில் அதே படத்தைப் பார்த்துக் காசநோய் மருந்து தொடங்கினார்கள். சளியில் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. எனினும் படம் காசநோய் போலவே இருந்ததால் நான்கு மாதம் மருந்து ஓடியது. இரத்தம் கலந்த சளி வந்தபோது எடுத்த புதிய ஸ்கேனில் குழியைக் கண்டதும், குடும்பம் புற்றுநோய் என்று முடிவு செய்தது. ஒரே நோய்க்கு மூன்று பேர் மூன்று பெயர் சூட்டினோம், மூன்றும் தவறு.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. கதிர்வீச்சு அழற்சி, காசநோய், புற்றுநோய் மீள்வது, பூஞ்சை ஆகிய நான்கும் எக்ஸ்-ரேயில் ஒன்றுபோல நடிக்கும். பெட் ஸ்கேனும் இதைத் தீர்த்துவைப்பதில்லை. புற்றணுக்களைப் போலவே அழற்சியுள்ள திசுவும் சர்க்கரையை அதிகம் ஈர்ப்பதால், பூஞ்சையும் அந்தப் படத்தில் ஒளிரும். "பெட் ஸ்கேன் எரிகிறது, ஆகவே புற்றுநோய்" என்னும் வாதம் எப்போதும் செல்லாது.

ஆகவே வெவ்வேறு சான்றுகளைச் சேர்த்தே முடிவுக்கு வருகிறோம். பழைய ஸ்கேன்களையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். சளியைப் பூஞ்சைக்கும் காசநோய்க்கும் தனித்தனியாக வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறோம். இரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைப் பார்க்கிறோம், நாள்பட்ட வகையில் இது மிகவும் உதவும். தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோப்பி செய்கிறோம். மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, சிறிதளவு உப்புநீரால் அந்தப் பகுதியைக் கழுவி எடுத்து, அதில் கேலக்டோமன்னான் என்னும் பூஞ்சைச் சுவர்ப் பொருளையும் புற்றணுக்களையும் கிருமிகளையும் ஒருசேரத் தேடுகிறோம். ஐயம் நீடித்தால் ஊசிவழித் திசுப் பரிசோதனை.

பெரியவருக்குச் செய்த சோதனைகளில் புற்றணு இல்லை. காசநோய்க் கிருமி வளரவில்லை. கழுவிய நீரில் ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தது. கேலக்டோமன்னானும் எதிர்ப்பொருளும் உயர்ந்திருந்தன. முடிவுகளை மகனிடம் மட்டும் சொல்ல நான் இசையவில்லை. தந்தையையும் உட்காரவைத்துச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புத்துநோயைக்கூடத் தாங்கிட்டேன் டாக்டர். இந்த ஒரு மாசமா வீட்ல ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசல. அதைத்தான் தாங்க முடியல."

மருந்தும் அதற்கான பொறுமையும்

1950-களில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆம்ஃபோடெரிசின்-பி கண்டெடுக்கப்பட்டது. நெடுங்காலம் அதுவே பெரும் ஆயுதமாக இருந்தது. நரம்புவழி மட்டுமே கொடுக்க வேண்டிய அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மியூகோர் வகைக்கு இன்றும் அதுவே முதன்மை மருந்து. ஆஸ்பெர்ஜில்லஸ் சிகிச்சையில் திருப்பம் 2002-இல் வந்தது. ஊடுருவும் வகை நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில், 12 வாரங்களுக்குப் பின் வோரிகோனசோல் பெற்றவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரும், ஆம்ஃபோடெரிசின் பெற்றவர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். மாத்திரையாகவும் எடுக்க முடிகிற மருந்து என்பது கூடுதல் நன்மை.

ஊடுருவும் வகைக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் சிகிச்சை தேவை. நாள்பட்ட வகைக்கு வோரிகோனசோல் அல்லது இட்ராகோனசோல் குறைந்தது 6 மாதம். பலருக்கு அதற்கும் மேல். நோய்க்குறி எதுவுமின்றி அசையாமல் கிடக்கும் தனிப் பூஞ்சைப் பந்துக்கு மருந்தில்லாமல் கண்காணிப்பு மட்டுமே போதுமானதாக இருக்கலாம். இரத்தம் அதிகம் வந்தால், அந்தக் குழாயை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையையோ, உடல்நிலை இடங்கொடுத்தால் அறுவைச் சிகிச்சையையோ எண்ணிப் பார்ப்போம்.

இந்த மருந்துகளில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

வோரிகோனசோல் மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ எடுக்க வேண்டும். இட்ராகோனசோல் கேப்சூலை உணவுடன் எடுக்க வேண்டும். இரண்டும் பூஞ்சை மருந்துதான் என்று ஒன்றின் முறையை மற்றதற்குப் பின்பற்றாதீர்கள். வயிற்று எரிச்சலுக்கான ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை இட்ராகோனசோல் கேப்சூல் உடலில் சேர்வதைக் குறைக்கும். இட்ராகோனசோல் எடுக்கும்போது கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே சொல்லுங்கள். அது இதயத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், வோரிகோனசோலை உடலிலிருந்து விரைந்து அகற்றிவிடும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் பூஞ்சை மருந்து எடுத்தும் எடுக்காதது போலத்தான். ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னும் அதன் தாக்கம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீடிக்கும். ஆனால் காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. அந்த முடிவை மருத்துவர்கள் கலந்து பேசி எடுக்க வேண்டும்.

ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகளின் அளவு, பூஞ்சை மருந்தோடு சேரும்போது இரத்தத்தில் உயரலாம். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மூச்சடைப்புக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தும்கூட உடலில் தேங்கக்கூடும். எனவே மருத்துவமனைக்கு வரும்போது சீட்டை மட்டும் கொண்டுவராமல், வீட்டில் எடுக்கும் மாத்திரை அட்டைகள், இன்ஹேலர்கள், நாட்டு மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

வோரிகோனசோலின் ஒரு விளைவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதைப் பெரியவரிடம்தான் கற்றேன். மருந்து தொடங்கிச் சில நாட்களில், மாத்திரை போட்ட அரைமணிக்குள் விளக்கு வெளிச்சம் கூசியது. சுவரின் நிறம் மாறித் தெரிந்தது. கண் போய்விடும் என்று அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்தபோது அநேகமாக ஒன்றுமே இல்லை. மருமகள் படுக்கையைத் தட்டிப் போடும்போது தலையணைக்கடியில் மாத்திரைகள் கிடந்தன. மருந்தின் அளவைச் சோதிக்கும் வசதி இருந்ததால் நாட்கள் வீணாகாமல் தப்பினோம். அந்தப் பார்வைத் தடுமாற்றம் பலருக்கு வருவது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானே விலகும். அந்த வேளையில், சிறப்பாக இரவில், வண்டி ஓட்டக் கூடாது. வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றும் என்பதால் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துணியும் வேண்டும். கல்லீரல் பரிசோதனையைக் குறித்த நாளில் தவறாமல் செய்ய வேண்டும்.

ஒட்டுமா? எதைச் சாப்பிடலாம்?

குடும்பத்தார் தயக்கத்தோடு, பெரும்பாலும் அறை வாசலில் நின்று கேட்கும் கேள்வி: "குழந்தைகளுக்கு ஒட்டிக்குமா?" ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரல் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. தனித் தட்டும் தனி டம்ளரும் தனி அறையும் வேண்டியதில்லை. பேரக்குழந்தை மடியில் உட்காரலாம். காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை மட்டும் முகக்கவசம் அணிவது போதும்.

காளான் சாப்பிடலாமா, புளித்த மாவு ஆகாதா என்றும் கேட்கிறார்கள். நன்கு சமைத்த காளானால் நுரையீரல் பூஞ்சை வருவதில்லை. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேறு. வெந்த இட்லியில் அச்சம் தேவையில்லை. ஆனால் பூசணம் பூத்த நிலக்கடலை, கொப்பரை, ரொட்டி, ஊறுகாய் ஆகியவற்றை மேலாக வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். இந்நோயின் வாசல் மூச்சு. ஆகவே தட்டைவிடக் காற்றின் மீதே கவனம் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வித்தில்லாத காற்று உலகில் இல்லை. நோயாளியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவும் வேண்டாம். ஓரிடத்தில் வித்துகள் திரளாக எழும் சந்தர்ப்பங்களைத் தவிர்த்தாலே போதும்.

நெல் தூற்றுவது, வைக்கோற்போர் பிரிப்பது, எருக்குழி கிளறுவது, கோழிக்கூண்டோ புறாக்கூண்டோ சுத்தம் செய்வது ஆகியவற்றைச் சிகிச்சைக் காலத்தில் வேறொருவர் செய்யட்டும். புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்னும் வேறொரு பூஞ்சையும் வளரும். பொங்கலுக்கு முன் பரணை இறக்கி, ஒட்டடை அடித்து, வெள்ளையடிக்கும் நாட்களில் நோயாளி உறவினர் வீட்டில் இருக்கலாம். பழைய சுவரை இடிக்கும் இடத்தில் நிற்க வேண்டாம். தவிர்க்க முடியாமல் போனால் என்-95 கவசம் அணியுங்கள்.

மழையில் ஒழுகிப் பூத்த சுவரை, வண்ணம் பூசி மறைப்பதற்கு முன் ஒழுக்கை அடையுங்கள். ஏ.சி. வடிகட்டியை நோயாளி இல்லாத நேரத்தில் கழுவுங்கள். நெபுலைசர் குவளையை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளியுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பருப்பு, முட்டை, மீன், பால் எனப் புரதம் தினமும் இருக்கட்டும். புகைப்பதை நிறுத்துங்கள், வீட்டிலுள்ள மற்றவர்களும்தான்.

இதில் என் வேண்டுகோளாக ஒன்று. மூச்சு எளிதாகிறது, பசி எடுக்கிறது என்பதற்காகப் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் ஸ்டீராய்டு வாங்கித் தொடராதீர்கள். உள்ளடக்கம் எழுதப்படாத பொடிகளையும் மாத்திரைகளையும் தவிருங்கள். அதேபோல, நீண்ட நாள் எடுத்துவந்த ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைப்பதே முறை.

உடனே வர வேண்டிய தருணங்கள்

கீமோதெரபி நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் சென்றால், பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்று காத்திராதீர்கள். இரவானாலும் வாருங்கள்.

ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எடுத்தும் குறையாத காய்ச்சல், முன்பு ஏறிய படியை இப்போது ஏற முடியாத மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி ஆகியவற்றுக்கும் அன்றே வாருங்கள்.

சளியில் ஒரு கீற்று இரத்தமானாலும் தெரிவியுங்கள். அரை டம்ளர் அளவுக்கு வந்தால் அது அவசரநிலை. 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயுள்ள பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் இரத்தம் செல்லாமல் அது காக்கும். எந்தப் பக்கம் நோயுள்ளது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையும் காரணமற்ற எடை இழப்பையும் அடுத்த மறுபரிசோதனை நாள்வரை ஒத்திவைக்காதீர்கள். அந்த நாளில் மருத்துவர் அவசரத்தில் இருந்தால், என்னைப் போன்றவரானால், "இது பூஞ்சையாக இருக்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள். அக்கேள்வியால் எந்த மருத்துவரும் மனம் நோகமாட்டார், நோகவும் கூடாது.

நிறைவாக

எல்லா நிழலும் பூஞ்சை என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் உண்மையிலேயே திரும்புவதும் உண்டு. இரண்டும் ஒரே நுரையீரலில் சேர்ந்திருப்பதும் உண்டு. என் பராமரிப்பில் இருந்த ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. பூஞ்சைக்கு மருந்து கொடுத்தபின் அவருடைய காய்ச்சலும் இருமலும் தணிந்தன. புற்றுநோய்க்கான அடுத்த சிகிச்சையைத் தாங்கும் வலு வந்தது. நோய் அவரை வென்றது ஓராண்டுக்குப் பிறகுதான். அந்த ஓராண்டில் மகளின் திருமணத்தை முன்னின்று நடத்தினார். தேடியது வீணாகவில்லை என்றே அந்தக் குடும்பமும் நானும் கருதுகிறோம்.

2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், உலகம் உடனடியாகக் கவனிக்க வேண்டிய பூஞ்சைகளின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அதன் உச்சப் பிரிவில் இருந்த நான்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸும் ஒன்று. மருத்துவ உலகமே காலந்தாழ்த்திக் கவனித்த ஒன்றைக் குடும்பத்தார் அறியாதிருந்ததில் வியப்பில்லை.

டெல்டாப் பெரியவர் ஆறாம் மாதத்தில் வந்தபோது ஆறு கிலோ கூடியிருந்தார். குழியின் சுவர் மெலிந்திருந்தது, இருமல் குறைந்திருந்தது. மாத்திரை தொடர்ந்தது, மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேனும் தொடர்ந்தது. அந்த முறை மகனும் மருமகளும் அவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். புதிய ஸ்கேன் உறையை என்னிடம் நீட்டியவர் பெரியவரே. "என்ன இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றார். அப்படியே சொன்னேன்.